ஷேர்பாயின்ட் சேவைக் கணக்கு எச்சரிக்கைகள்: கை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

நிறுவனங்கள் உள்தளங்களுக்கும் ஆவணங்களுக்கும் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் ஷேர்பாயின்ட் சர்வரில், நிர்வாகப் பக்கமான சென்ட்ரல் அட்மினிஸ்ட்ரேஷனின் உச்சியில் தெரியும் சிவப்புப் பட்டையோடு பல நிர்வாகிகள் ஆண்டுக்கணக்கில் குடித்தனம் நடத்திவிடுகிறார்கள். 2010 பதிப்பில் வந்த ஹெல்த் அனலைசர் என்னும் தானியங்கிச் சோதனை வசதி அங்கே பட்டியலிடும் குறைகளில், சேவைக் கணக்குகளை (சர்வரின் நிரல்கள் ஓடும் கணக்குகளை) பற்றிய இரண்டை நான் பார்த்த பெரும்பாலான நிறுவல்களில் கண்டிருக்கிறேன். ஷேர்பாயின்ட் சர்வர் தொகுதி முழுவதையும் நிர்வகிக்கும் ஃபார்ம் கணக்கு வேறு சேவைகளையும் இயக்குகிறது என்பது ஒன்று. அப்ளிகேஷன் பூல் (வலைத்தளத்தின் நிரலை ஓட்டும் புராசஸ் தொகுதி) அல்லது சேவை ஒன்றை இயக்கும் கணக்கு, முழு உரிமை தரும் அந்தக் கணினியின் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் இருக்கிறது என்பது மற்றொன்று.

இவற்றைச் சில்லறைக் குறைகள் என்று தள்ளிவிட முடியாது. பயனர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது அதைத் தயாரிக்கும் நிரல் அப்ளிகேஷன் பூல் கணக்கின் பெயரில்தான் ஓடுகிறது. நிரலில் ஓட்டை இருந்தால், உள்ளே நுழைபவனுக்கும் அதே கணக்கின் அதிகாரம் கிடைக்கிறது. 2025 ஜூலையில் நிறுவனங்களின் சொந்த ஷேர்பாயின்ட் சர்வர்கள் தாக்கப்பட்டபோது, கடவுச்சொல் ஏதுமின்றி நுழைந்தவர்கள் இந்த வழியில்தான் நிரல்களை ஓட்டி, சர்வர் தன் தரவைக் கையொப்பமிட்டுச் சரிபார்க்கப் பயன்படுத்தும் மெஷின் கீகளைத் திருடினார்கள். கணக்குகளைப் பிரித்துவைத்திருந்தாலும் அந்தத் திருட்டு நின்றிருக்காது, ஏனெனில் அந்தக் கீகளைப் படிக்கும் உரிமை பூல் கணக்குக்கு இயல்பாகவே உண்டு. ஆனால் அந்தக் கணக்கே கணினியின் நிர்வாகியாகவும் இருந்தால் சர்வர் முழுவதும் பறிபோகும். அதுவே ஃபார்ம் கணக்காகவும் இருந்தால், தரவுத்தள சர்வரான எஸ்க்யூஎல் சர்வரில் அதற்குள்ள டிபிகிரியேட்டர் (தரவுத்தளங்களை உருவாக்கும்), செக்யூரிட்டிஅட்மின் (உள்நுழைவுகளை நிர்வகிக்கும்) உரிமைகளும் சேர்ந்தே போகும்.

முதல் எச்சரிக்கைக்கு வழி எளிது. வலைத்தளங்களுக்கு ஒன்றும் சர்வீஸ் அப்ளிகேஷன்களுக்கு ஒன்றுமாகத் தனி டொமைன் கணக்குகளை உருவாக்கி, ஷேர்பாயின்ட் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் மேனேஜ்டு அக்கவுன்ட்களாகப் பதிவு செய்து, சென்ட்ரல் அட்மினிஸ்ட்ரேஷன் வழியாகவே மாற்ற வேண்டும். அவசரத்தில் விண்டோஸின் வலை சர்வரான ஐஐஎஸ்ஸின் மேனேஜரிலோ விண்டோஸ் சர்வீசஸ் திரையிலோ மாற்றினால், ஷேர்பாயின்ட்டின் கன்ஃபிகரேஷன் தரவுத்தளத்துக்கு அந்த மாற்றம் தெரியாது. எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் எச்சரிக்கை நீடித்தால், அடிக்கடி தேவைப்படும் தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் டிஸ்ட்ரிபியூட்டட் கேஷ் சேவையைப் பாருங்கள். அது நிறுவும்போதே ஃபார்ம் கணக்கை எடுத்துக்கொள்கிறது, அதைக் கட்டளைகளை இயக்கும் பவர்ஷெல் வழியாகத்தான் மாற்ற வேண்டியிருக்கும். தேடலுக்காக உள்ளடக்கத்தைப் படிக்கும் கணக்கும் தனியாக, படிக்கும் உரிமை மட்டும் உள்ளதாக இருக்கட்டும். அதிகாரம் மிகுந்த கணக்கு படித்தால், வெளியிடப்படாத வரைவுகளும் தேடல் முடிவுகளில் தலைகாட்டும்.

இரண்டாவது எச்சரிக்கைதான் ஆளைச் சுற்றவைக்கும். ஃபார்ம் கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவுக்குள் வந்த கதை பெரும்பாலும் ஒன்றுதான்: 2010, 2013 பதிப்புகளில் பயனர் விவரங்களை ஒத்திசைக்கும் யூசர் புரொஃபைல் சிங்க்ரனைசேஷன் சேவையைத் தொடங்கும் நேரத்துக்கு மட்டும் அந்த உரிமை தேவைப்பட்டது, கொடுத்தவர் திரும்ப எடுக்க மறந்துவிட்டார். குழுவிலிருந்து நீக்கினால் மட்டும் போதாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புராசஸ் தொடங்கியபோது பெற்ற பழைய உரிமையையே கையில் வைத்திருக்கும். ஆகவே பின்னணிப் பணிகளை ஓட்டும் டைமர் சர்வீஸையும் ஐஐஎஸ்ஸையும் மறுபடி தொடங்கிவிட்டு, அதன்பின் அந்த விதியை மீண்டும் சோதிக்கச் சொல்ல வேண்டும். ஓர் இடத்தில் மாலையில் நீக்கிய கணக்கு மறுநாள் காலையில் மீண்டும் குழுவில் வந்து உட்கார்ந்திருந்தது. அரை நாள் தேடிய பிறகே, டொமைனிலுள்ள கணினிகளுக்கு அமைப்புகளை விதிக்கும் குரூப் பாலிசி, எப்போதோ எழுதிய ஒன்று, அதைத் திரும்பத் திரும்பச் சேர்ப்பது தெரிந்தது. அதை எழுதியவர் வேலையை விட்டுப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

தீர்க்க முடியாத ஓர் எச்சரிக்கையும் உண்டு. பயனரின் ஷேர்பாயின்ட் அடையாளத்தை விண்டோஸ் அடையாளமாக மாற்றும் கிளெய்ம்ஸ் டு விண்டோஸ் டோக்கன் சர்வீஸ், இயல்பாக விண்டோஸின் உள்ளமைந்த கணக்கான லோக்கல் சிஸ்டம் பெயரில் ஓடுகிறது. அதை டொமைன் கணக்குக்கு மாற்றினால், அந்தக் கணக்குக்குக் கணினியின் நிர்வாகி உரிமை கொடுத்தே ஆக வேண்டும், ஹெல்த் அனலைசரும் அதைக் குறையாகவே காட்டும். இங்கே அந்தக் கணக்கை வேறு எதற்கும் பயன்படுத்தாமல், அதன் பெயரில் யாரும் நேரடியாக லாகின் செய்ய முடியாதபடி தடுத்து, காரணத்தை ஆவணத்தில் எழுதிவைப்பதே நான் செய்வது. பட்டை உறுத்துகிறது என்று விதியையே முடக்கிவிடுபவர்களைக் கண்டிருக்கிறேன். எல்லாக் கணக்குகளையும் சோதிப்பது அந்த ஒரே விதிதான். அதை முடக்கிய பின் வேறொருவர் பூல் கணக்கை அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் சேர்த்தால், அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூடத் தெரியாது.