மூட்டுன்னா முழங்கால் மட்டுமா? ஜாயிண்ட்டுக்குத் தமிழ்ல இருக்கிற சொற்கள்

"மூட்டு வலி"ன்னு யாராவது சொன்னா நாம உடனே முழங்காலைத்தான் பாப்போம், ஆனா சொல்லுக்கும் முழங்காலுக்கும் தனியா ஒரு சம்பந்தமும் கிடையாது. மூட்டுறதுன்னா சேக்குறது, ரெண்டு ஓரத்தை இணைச்சுத் தைக்கிறது. லுங்கி வாங்கும்போது "மூட்டினதா, மூட்டாததா"ன்னு கேப்பாங்கல்ல, அதே மூட்டுதான் எலும்பும் எலும்பும் சேர்ற எடத்துக்கும் பேரா நின்னுடுச்சு. ஜாயிண்ட்டும் அப்படித்தான், சேக்குறதுங்கிற அர்த்தத்துல லத்தீன்ல இருந்த வினைச்சொல் பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்தது.

இதுல வேடிக்கை என்னன்னா மண்டையோட்டு எலும்புங்க சேர்ற கோட்டை டாக்டருங்க சூச்சர்னு சொல்வாங்க, லத்தீன்ல அதுக்கு அர்த்தமே தையல்தான். ஆக அசையவே அசையாத அந்த மூட்டுக்குத்தான் மூட்டுங்கிற பேர் அச்சு அசலாப் பொருந்துது!

அசையிற மூட்டுக்கு கீல்னு இன்னொரு சொல் இருக்கு, கதவுல இருக்கிற அதே கீல், கீல்வாதம்ங்கிற நோய்ப் பேர்லயும் அதுதான். இதுக்கு சரியான உதாரணம் முழங்கை, மடக்கலாம் நீட்டலாம் அவ்ளோதான். "அப்போ உள்ளங்கைய எப்படித் திருப்புறோம்"னு கேக்கலாம். முழங்கைய விலாவோட ஒட்டி மடக்கி வெச்சுக்கிட்டு இன்னொரு கையால முன்கையப் புடிச்சபடி திருப்பிப் பாருங்க, உள்ளங்கை மேல பாக்குறப்போ ரெண்டு எலும்பும் பக்கம் பக்கமா இருக்கும், கவுத்தீங்கன்னா கட்டைவிரல் பக்கத்து ஆர எலும்பு மத்த எலும்புக்கு மேல குறுக்க வந்து படுத்துக்கும். இது கீல் வேலை இல்ல, அச்சு மாதிரி சுழல்ற பிவட் ஜாயிண்ட் வேலை.

பிவட்டுக்கு பாடப் புத்தகத்துல முளை மூட்டு. செடி முளைக்கிறதுன்னு நினைச்சுக்க வேணாம், இது மாடு கட்ட தரையில அடிக்கிற முளைக்குச்சியோட முளை. பேர் ரொம்பவே பொருத்தம், ஏன்னா கழுத்துல 2வது எலும்புலேர்ந்து நெஜமாவே ஒரு முளை மேல நீட்டிக்கிட்டு நிக்குது, வளையம் மாதிரி இருக்கிற முதல் எலும்பு அதைச் சுத்தித் திரும்புது. "இல்ல"ன்னு தலையாட்டுறது பெரும்பாலும் இங்கதான் நடக்குது, "ஆமா"ன்னு ஆட்டுறது அதுக்கும் மேல, மண்டையோடும் முதல் எலும்பும் சேர்ற எடத்துல.

பால் அண்ட் சாக்கெட்டை பந்துக்கிண்ண மூட்டுன்னு அப்படியே பெயர்த்துட்டாங்க, தப்பில்ல, ஆனா வீட்டுப் பெரியவங்க இடுப்புப் பூட்டு, தோள்பூட்டுன்னுதான் சொல்வாங்க, என் ஓட்டு அதுக்குத்தான். இடுப்புல கிண்ணம் ஆழமா இருக்கிறதால தொடை எலும்போட தலை உள்ள போய் நல்லா பூட்டிக்கும். தோள்ல கிண்ணம் ஆழமே இல்ல, அதனாலதான் கை இத்தனை பக்கம் சுழலுது, பெரிய மூட்டுங்கள்லயே அதிகமா நழுவுறதும் அதுதான்.

மணிக்கட்டுல இருக்கிற குட்டி எலும்புங்க ஒண்ணு மேல ஒண்ணு சறுக்குறது வழுக்கு மூட்டு. கட்டைவிரல் அடியில இருக்கிறது சேண மூட்டு, குதிரைச் சேணம்தான், கட்டைவிரலக் கொண்டுபோய் மத்த விரல் நுனியத் தொட முடியறது இதனாலதான்.

கடைசியா நம்ம முழங்கால். ஸ்கூல்ல கீல் மூட்டுன்னு எழுதினா மார்க் கிடைச்சிடும், ஆனா முழு கீல் இல்ல, சேர்ல காலை மடக்கி உக்காந்தா தொடை அசையாமலே பாதத்தையும் கணுக்காலுக்கு மேல இருக்கிற காலையும் சேத்து உள்பக்கம் வெளிப்பக்கம் கொஞ்சம் திருப்பலாம், காலை முழுசா நீட்டிட்டா அந்தத் திருப்பம் பூட்டிக்கும்.