காதுக்கு ஒரு வளவு

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடு ஒன்றுக்குள் போக வாய்ப்புக் கிடைத்தால் இதைச் செய்து பாருங்கள். பெரிய கூடத்தின் கதவுகளைச் சாத்திவிட்டு ஒரு முறை கைதட்டுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து வழவழவென்று இழைத்த சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும் அந்தச் சத்தத்தை மாறி மாறித் திருப்பி அனுப்பும். தட்டிய கை ஓய்ந்த பிறகும் ஒரு ரீங்காரம் நிற்கும். அப்படியே நடந்து வளவுக்கு வந்து, வானம் பார்த்த முற்றத்தில் நின்று தட்டுங்கள். சத்தத்தில் பெரும்பகுதி மேலே போய்விடும், திரும்பி வராது.

ஹெட்ஃபோனிலும் இந்த இரண்டு வகை உண்டு. என்னுடைய முதல் ஹெட்ஃபோன் கதவு சாத்திய கூடம். பேட்டி ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தில் கொண்டுவருவது என் வேலை. பேசுகிறவர் வெற்றிலையை ஒதுக்கும் ஓசைகூட விடுபடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வாங்கினேன். வேலைக்கு அது இன்றும் சொன்னபடி கேட்கிறது. ஆனால் மாலையில் அதே கருவியில் நாகசுரம் போட்டால் முக்கால் மணி நேரம் தாங்கவில்லை. வலி என்று சொல்ல முடியாது. கழற்றி வைத்தால் போதும் என்ற தவிப்பு.

அந்தத் தவிப்பின் பெரும்பங்கு காதின் அமைப்பிலேயே இருக்கிறது. காதுத்துளை ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் நீளக் குழாய்; ஒரு முனையைச் செவிப்பறை அடைத்திருக்கிறது. பேனா மூடியின் வாயில் ஊதினால் அது தனக்கென்று ஒரு சுரத்தில் கூவும் அல்லவா? காதுத்துளையின் சுரம் 3000 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 3000 அதிர்வுகளை, ஒட்டியது. அந்தப் பகுதியில் வரும் ஒலியைக் காது தானாகவே 10 டெசிபல் அளவுக்குத் தூக்கிக் கொடுக்கிறது. ஒரே வலிமையுள்ள ஒலிகள் எல்லாச் சுரத்திலும் ஒரே உரப்பில் கேட்பதில்லை என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1933இலேயே வரைபடமாகப் போட்டுக் காட்டினார்கள். 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை நாம் கூர்மையாகக் கேட்கிறோம். சீவாளி வைத்து ஊதும் நாகசுரத்தின் மேற்தொனிகள் (மூலச் சுரத்தோடு சேர்ந்து எழும் உச்ச ஒலிகள்) கொட்டிக் கிடப்பதும் அங்கேதான். தேரோடும் வீதிக்காகப் பிறந்த வாத்தியத்தைக் காதுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் கொண்டுவந்து கட்டினால் வேறு என்ன நடக்கும்!

இதன்மேல் மூடிய வகை ஹெட்ஃபோன் தன் பங்கைச் சேர்க்கிறது. உள்ளிருக்கும் மெல்லிய சவ்வு முன்னும் பின்னும் அசையும்போது, காதை நோக்கிப் போகும் அதே அளவு ஒலி பின்பக்கமும் போகிறது. பின்னால் சில சென்டிமீட்டர் ஆழமே உள்ள பிளாஸ்டிக் கிண்ணம். அவ்வளவு சிறிய அறை அதிர்ந்து எழுப்பும் சுரம் சில ஆயிரம் ஹெர்ட்ஸில் விழும். காது ஏற்கெனவே தூக்கிக் கொடுக்கும் இடத்துக்கு மிக அருகில். நல்ல தயாரிப்பாளர்கள் உள்ளே பஞ்சும் நுரையும் வைத்து இதை அடக்குகிறார்கள். அடங்காதபோது 'ஸ', 'ஷ' ஓசைகள் ஊசியாகக் குத்தும்.

திறந்த முதுகு கொண்ட வகையில் அந்தக் கிண்ணத்துக்குப் பதிலாகச் சல்லடை. பின்பக்க ஒலி வளவிலிருந்து போவதுபோல வெளியே போய்விடுகிறது. ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968இல் மஞ்சள் நுரை மெத்தைகளோடு எச்.டி. 414 என்ற திறந்த ஹெட்ஃபோனைக் கொண்டுவந்ததிலிருந்து இந்த வகை நிலைத்துவிட்டது. இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை: முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் எதிரெதிர்க் கட்டத்தில் (ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும்) இருப்பதால், கனத்த தாழ்சுரங்களில் ஒன்றையொன்று ஓரளவு அழித்துக்கொள்ளும். தவிலின் வலப்பக்கமான வலந்தலை துல்லியமாகக் கேட்கும். இடப்பக்கமான தொப்பியின் அடிவயிற்று முழக்கம் சற்று மெலியும். எனக்கு அந்தப் பேரம் சம்மதமாக இருந்தது.

உடல் சார்ந்த சங்கதிகளைச் சின்னதென்று நினைக்க வேண்டாம். சித்திரை வெயிலில் ரெக்சின் மெத்தை காதைச் சுற்றி வேர்த்து ஊறும். துணி மெத்தை மேல். தலைப்பட்டை இறுக்கினால் மூக்குக்கண்ணாடியின் கம்பி பொட்டில் பதியும். 250 கிராம் எடையோடு மணிக்கணக்கில் உட்காரலாம். அரைக் கிலோ என்றால் கழுத்து கணக்குக் கேட்கும்.

இன்னொன்றும் உண்டு. வளவில் இடப்பக்கம் ஒருவர் வாசித்தால் வலக்காதுக்கும் அது கேட்கும். அதிகம் போனால் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தாமதத்தில், உச்சச் சுரங்கள் சற்று மழுங்கி. ஹெட்ஃபோனில் இடது இடதுதான். பழைய ஸ்டீரியோ பதிவுகள் மண்டையை இரண்டாகப் பிளப்பதுபோல இருப்பது அதனால். இரு பக்கத்தையும் கொஞ்சம் கலந்துவிடும் வழியை ஒலிப் பொறியாளர் பென்ஜமின் பாயர் 1961இல் எழுதினார். இன்று சில செயலிகளிலேயே 'கிராஸ்ஃபீட்' என்ற பொத்தானாக இருக்கிறது.

கடையில் ஏமாறுவது எளிது. ஒன்றையடுத்து ஒன்றாக மாட்டிப் பார்க்கும்போது, ஓரிரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதுதான் "தெளிவாக இருக்கிறது" என்று தோன்றும். உச்சச் சுரத்தை மிகையாகக் காட்டுவதும் அப்படியே முதல் ஐந்து நிமிடத்தில் ஜெயித்துவிடும். உரப்பைச் சமமாக வைத்து, பழகிய குரல் ஒன்றை அரை மணி நேரமாவது கேளுங்கள். திருப்பித் தர முடியாத இடத்தில் நான் வாங்கமாட்டேன். அதற்கும் முன்னால், கையில் இருப்பதிலேயே, சுரப் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் 3000 அல்லது 7000 ஹெர்ட்ஸ் பகுதியை 3 டெசிபல் இறக்கிப் பாருங்கள். அதிலேயே காது அடங்கிவிட்டால் பணம் மிச்சம். வாங்குவதானால் மின்தடையையும் கேளுங்கள். 300 ஓம் வகைகள் பலவற்றுக்குக் கைபேசியின் திறன் போதாது.

உரப்பு தனிக் கணக்கு. பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதி: 83க்கு 20, 86க்கு 10. மென்மையாக ஒலிக்கும் கருவியில் குத்தல் தெரியாததால் உரப்பைக் கூட்டிக்கொண்டே போகும் ஆசை வரும். என்னிடம் அந்தக் குறை உண்டு.

சென்னை பஸ்ஸில் திறந்த வகையை மாட்டிப் பயனில்லை. இன்ஜின் இரைச்சல் அப்படியே உள்ளே வரும்; அதை மீறிக் கேட்க உரப்பைத்தான் ஏற்ற வேண்டும். உள்ளே இருப்பதும் வெளியே கசியும். புது ஹெட்ஃபோன் வந்த முதல் இரவு, யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று வீட்டுக்குள் உயர்த்திக் கட்டிய பட்டாலையின் ஓரமாக உட்கார்ந்து, சாமி புறப்பாட்டுக்கு நாகசுரத்தில் வாசிக்கும் மல்லாரி கேட்டுக்கொண்டிருந்தேன். நாலடி தள்ளிப் படுத்திருந்த அப்பத்தா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நல்லாத்தான் ஊதுகிறான். கொஞ்சம் சத்தமாக வையப்பா, தவில் கேட்கவில்லை."