ஜர்னல் எதைக் காக்கும், எதைக் காக்காது

மின்சாரம் போய் வந்த பிறகு லினக்ஸ் சர்வர் சில நொடிகளில் எழுந்துவிட்டால், ஜர்னல் (வட்டில் செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவேடு) இருக்கிறது, தரவுக்கு ஒன்றும் ஆகாது என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை பாதிதான் சரி.

1993இல் வந்த எக்ஸ்ட்2 என்ற லினக்ஸ் கோப்பு முறைமையில் ஜர்னல் கிடையாது. ஒரு கோப்பு உருவாக அடைவு, இனோட் (கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு), பிட்மேப் (எந்த இடம் காலி என்று காட்டும் பட்டியல்) எல்லாம் மாற வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் ஒன்று மாறியிருக்கும், மற்றொன்று மாறியிருக்காது. எங்கே பிசகு என்று தெரியாததால் சரிபார்க்கும் நிரல் பார்ட்டிஷன் முழுவதையும் அலச வேண்டும். பெரிய வட்டுகளில் இதற்கு மணிக்கணக்கில் ஆகும்.

லினக்ஸ் நிரலாளர் ஸ்டீஃபன் ட்வீடி 1998இல் முன்வைத்த, பிறகு எக்ஸ்ட்3 ஆன தீர்வின் அழகு, எக்ஸ்ட்2வின் அமைப்பைக் கலைக்காமல் விட்டதில் இருக்கிறது. ஜர்னலும் ஒரு கோப்புதான். இனோட் எண் 8. மாறப்போகும் பிளாக்குகள் (வட்டின் சிறு பகுதிகள்) முதலில் அங்கே முழுதாக எழுதப்படும், கடைசியில் ‘இந்தத் தொகுதி முடிந்தது’ என்று குறிக்கும் ஒரு கமிட் பிளாக். வழக்கமாக 5 நொடிக்கு ஒரு முறை இது நடக்கும். விபத்துக்குப் பின் கமிட் பிளாக் உள்ள தொகுதிகள் மட்டும் உரிய இடத்தில் மறுபடி எழுதப்படும்; முடியாத தொகுதி கைவிடப்படும்.

இதில் ஒரு நுட்பமான பொறி உண்டு. அடைவாக இருந்த பிளாக் விடுவிக்கப்பட்டு, வேறொரு கோப்பின் தரவுக்குப் போயிருக்கலாம். ஜர்னலில் கிடக்கும் பழைய பிரதியை அப்படியே எழுதினால் புதிய தரவு அழியும். அதனால்தான் ‘இந்த பிளாக்கின் பழைய பிரதியைத் தொடாதே’ என்று சொல்லும் ரிவோக் பதிவும் ஜர்னலில் இடம்பெறுகிறது.

ஜர்னல் கொண்ட இன்னொரு கோப்பு முறைமையான ரைசர்எஃப்எஸ் 2001 தொடக்கத்திலேயே லினக்ஸ் கெர்னல் 2.4.1இல் நுழைந்துவிட்டது, எக்ஸ்ட்3 அதே ஆண்டு நவம்பரில் 2.4.15இல்தான் வந்தது. ஆனாலும் பழைய பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யாமல், டியூன்2எஃப்எஸ் கட்டளையை ‘ஜே’ விருப்பத்தோடு கொடுத்தாலே ஜர்னல் சேர்ந்துவிடும் என்பது நிர்வாகிகளுக்குப் பெரிய வசதி. ஒழுங்காக அன்மவுண்ட் செய்ததை எக்ஸ்ட்2வாகவும் மவுண்ட் செய்யலாம்.

இனி, காக்காதவை. வழக்கமான ஆர்டர்ட் முறையில் ஜர்னலுக்குள் போவது மெட்டாடேட்டா (இனோட், அடைவு போன்ற கோப்பு பற்றிய விவரங்கள்) மட்டுமே. புதிய தரவு வட்டுக்குப் போன பிறகே அதன் மெட்டாடேட்டா கமிட் ஆகும், அவ்வளவுதான். இருக்கும் கோப்பின் நடுவில் மேலெழுதும்போது மின்சாரம் போனால் பாதி பழையது, பாதி புதியது என்று நிற்கலாம். ரைட்பேக் முறையில் அந்த வரிசையும் இல்லை. விபத்துக்குப் பின் புதிய கோப்புக்குள் வேறொருவர் அழித்த கோப்பின் துண்டு தெரியலாம். பலர் பயன்படுத்தும் சர்வரில் ரைட்பேக் முறையை வைக்காதீர்கள். தரவையும் ஜர்னலில் எழுதும் முறை எல்லாவற்றையும் இருமுறை எழுத வைக்கும்.

வட்டின் கேஷ் (உள்ளே இருக்கும் தற்காலிக நினைவகம்) இன்னொரு ஓட்டை. எழுதிவிட்டேன் என்று வட்டு சொன்னாலும், உள்ளே வரிசை மாறி, பிளாக்குகளுக்கு முன்பே கமிட் பதிவாகிவிடலாம். இதைத் தடுப்பது, எழுதும் வரிசையைக் காக்கும் பேரியர். எக்ஸ்ட்3க்கு அடுத்து வந்த எக்ஸ்ட்4இல் அது இயல்பாகவே இயங்குகிறது. பேட்டரி காப்புள்ள கன்ட்ரோலர் இல்லாமல், வேகத்துக்காக அதை அணைப்பது ஆபத்து.

நிரல் எழுதுபவர்களுக்கு: எக்ஸ்ட்4 பிளாக் ஒதுக்குவதைத் தள்ளிப்போடும். அதனால் 2009இல் பலரது அமைப்புக் கோப்புகள் விபத்துக்குப் பின் பூஜ்ய பைட்டாக நின்றன. பிறகு கெர்னலில் தணிப்பு சேர்ந்தாலும் அதை நம்பி எழுதக் கூடாது. தற்காலிகக் கோப்பில் எழுதி, அதற்கு எஃப்சிங்க் (தரவு வட்டுக்குப் போகும் வரை காத்திருக்கும் அழைப்பு) கொடுத்து, பெயர் மாற்றி, அடைவுக்கும் எஃப்சிங்க் கொடுங்கள்.

சான்றுக்காக ஒரு வட்டை ஆராய்பவர்கள் கவனிக்க: படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்தாலும், நிலுவை இருந்தால் ஜர்னல் மறுபடி ஓடி வட்டில் எழுதிவிடும். ஜர்னலை ஏற்றாமல் விடும் நோலோட் விருப்பம் கொடுங்கள், சாதனத்தையும் எழுத முடியாதபடி பூட்டுங்கள்.

கோப்பு முறைமையின் நிலையைக் காட்டும் டம்ப்இ2எஃப்எஸ் கட்டளையின் வெளியீட்டில் ‘மீட்பு தேவை’ என்ற கொடி தெரிந்தால் பதறி ஜர்னலை நீக்கப் போகாதீர்கள். எழுதும்படி மவுண்ட் ஆகியிருக்கும் வரை அது எப்போதும் தெரியும். அன்மவுண்ட் செய்த பிறகும் இருந்தால் முதலில் சரிபார்க்கும் நிரலான இ2எஃப்எஸ்சிகே ஓட்டுங்கள். ஜர்னலில் நிலுவையில் இருப்பதை அதுவே எழுதி முடித்துவிடும்.