ஆம்புலன்ஸின் பின்பகுதியில் யார் இருக்கிறார்?

1960-களின் நடுவில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஒருவர் மயங்கி விழுந்தால் போலீஸ் வேன்தான் வரும். கைதிகளை ஏற்றுகிற அதே வேன். நோயாளியைப் பின்னால் படுக்கவைத்துவிட்டு, வந்த இரண்டு போலீஸ்காரர்களும் முன்னால் ஏறிக்கொள்வார்கள். அந்த நாட்டின் பல ஊர்களில் சவ ஊர்தி வைத்திருந்தவர்களே ஆம்புலன்ஸும் ஓட்டினார்கள். ஆள் பிழைத்தாலும் போனாலும் அவர்களுக்கு வேலை உண்டு!

1966 நவம்பரில், பிட்ஸ்பர்க் இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் டேவிட் லாரன்ஸ் தேர்தல் கூட்டத்தில் மாரடைத்துச் சரிந்தார். அவருக்கும் போலீஸ் வண்டிதான். மருத்துவமனையில் இதயத்தை மீட்டார்கள், மூளையை மீட்க முடியவில்லை. அவருக்குச் சிகிச்சை அளித்தவர் பீட்டர் சஃபார். தலையைப் பின்னுக்குச் சாய்த்துத் தாடையை உயர்த்தினாலே அடைபட்ட மூச்சுவழி திறக்கும் என்பதை 1950-களில் சோதனைகளால் உறுதிசெய்த மயக்கவியல் மருத்துவர். அதே 1966-இல்தான் சஃபாரின் மகளும் ஆஸ்துமாவால் இறந்திருந்தாள்.

கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் போலீஸ் வண்டி நேரத்துக்கு வராது. வந்தாலும் மக்களுக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. அங்கே இயங்கிய ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமைப்பும், ஃபால்க் மருத்துவ நிதியத்தின் ஃபில் ஹாலனும், சஃபாரும் சேர்ந்து அந்தப் பகுதி ஆட்களைக் கொண்டே ஆம்புலன்ஸ் சேவை தொடங்கத் திட்டமிட்டார்கள். 1967-இல் சேர்ந்தவர்களில் பலர் வேலையில்லாதவர்கள். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு சஃபார் வகுத்த பயிற்சி 300 மணி நேரம். முதலுதவி வகுப்புகூட முடிக்காதவர்கள் ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. 1968-இல் வண்டிகள் ஓடத் தொடங்கின. முதல் ஆண்டில் வந்த அழைப்புகள் சுமார் 5,800.

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இந்த வரலாறு எனக்குப் பழங்கதையாகத் தெரியவில்லை. தனியார் ஆம்புலன்ஸ் ஒன்று சைரன் அலற வாசலில் வந்து நிற்கும். கதவைத் திறந்தால் உள்ளே நோயாளியின் மனைவி ஒரு கையில் குளுகோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்திருப்பார். இன்னொரு கை ஸ்ட்ரெச்சர் கம்பியில். நினைவிழந்த மனிதரின் தலைக்குக் கீழே, வசதியாக இருக்கட்டும் என்று, தலையணை. கழுத்து முன்னால் மடங்கி, நாக்கு பின்னால் சரிந்து, தொண்டையில் கொரகொரவென்று சத்தம். 'நல்லா குறட்டை விட்டுத் தூங்குறார் டாக்டர்' என்பார்கள். அது தூக்கமல்ல, மூச்சு அடைபடும் சத்தம். தலையணையை எடுத்துவிட்டுத் தாடையை உயர்த்தினால் பெரும்பாலும் அந்தச் சத்தம் நின்றுவிடும். விழுந்து அடிபட்டவர் என்றால் கழுத்தை அசைக்காமல் தாடையை மட்டும் முன்னுக்குத் தள்ள வேண்டும்.

108 வண்டியில் ஓட்டுநரோடு பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவரும் வருவார். தனியார் வண்டியைக் கூப்பிடும்போது வாடகையும் ஏ.சி.யும் விசாரிக்கிறோம், பின்னால் யார் வருவார், அவருக்கு என்ன பயிற்சி, ஆக்ஸிஜன் உருளையில் வாயு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் கோபித்துக்கொள்கிற வண்டிக்காரரை விட்டுவிடுங்கள்.

பிட்ஸ்பர்க்கில் 1970-களின் நடுவில் ஃப்ரீடம் ஹவுஸின் மருத்துவ இயக்குநராக வந்த நான்சி கேரலின், அதன் ஊழியர்களோடு தெருத் தெருவாக வண்டியில் போனார். அவர்களிடம் பரிசோதித்த பயிற்சிமுறையை வைத்துத்தான் பிறகு நாடு முழுவதற்குமான பாடத்திட்டத்தை எழுதினார். ஆனால் 1975 அக்டோபரில் மாநகராட்சி தன் சொந்த ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்க, ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. பழைய ஊழியர்களைச் சேர்த்துக்கொள்வோம் என்றார்கள். சேர்த்துக்கொண்டு, அனுபவம் குறைந்த வெள்ளையர்களுக்குக் கீழே நிறுத்தினார்கள், புதுப்புதுத் தேர்வுகள் வைத்தார்கள். பழைய ஊழியர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். நிலைத்து நின்ற சிலரில் ஜான் மூன் ஒருவர். பின்னாளில் அதே நகர சேவையின் துணைத் தலைவரானார். கறுப்பின இளைஞர்களை வேலைக்கு எடுப்பதைத் தன் பொறுப்பாகவே வைத்துக்கொண்டார்.