மலேரியா: சொல் விளக்கம்

இத்தாலிய மொழியில் ‘மாலா’ என்றால் கெட்டது, ‘ஆரியா’ என்றால் காற்று. கோடைதோறும் ரோம் நகரை வாட்டிய காய்ச்சலுக்குச் சதுப்பு நிலத்து நச்சுக்காற்றே காரணம் என்று நம்பிய காலத்தின் பெயர் இது. 1740-இல் ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் எழுதிய ஒரு கடிதம் இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தது. 1880-இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு மருத்துவர் லாவெரான் நோயாளியின் ரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கண்டார். 1897-இல் செகந்திராபாத்தில் ஆங்கிலேய மருத்துவர் ரொனால்டு ராஸ் அதைக் கொசுவின் வயிற்றில் கண்டார். காற்றின் மீதிருந்த பழி நீங்கிய பிறகும் பெயர் மாறவில்லை.

தமிழில் குளிர்காய்ச்சல், முறைக்காய்ச்சல் என இரு சொற்கள் உண்டு. குளிர்காய்ச்சல், நடுக்கத்தோடு வரும் எந்தக் காய்ச்சலுக்கும் பொருந்துமாதலால் கலைச்சொல்லாகாது. முறைக்காய்ச்சல் நுட்பமானது: மலேரியா ஒட்டுண்ணியின் வைவாக்ஸ் வகை ஏறக்குறைய 48 மணி நேரத்துக்கு ஒருமுறையும், மலேரியே வகை 72 மணி நேரத்துக்கு ஒருமுறையும் காய்ச்சலை எழுப்புவதை அது பெயரிலேயே சொல்லிவிடுகிறது. ஆனால் உயிரைக் குடிக்கும் பால்சிபாரம் வகை பெரும்பாலும் எந்த முறைக்கும் கட்டுப்படாது. காய்ச்சல் முறை வைத்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் காலம் கடந்துவிடும். ஆகவே பொது எழுத்தில் முறைக்காய்ச்சல் என்றும், மருத்துவ அறிவிப்பில் மலேரியா என்றும் எழுதுவதே தக்கது.

அறிகுறியை மட்டும் நம்பி மருந்து கொடுக்காமல், இயன்றவரை ரத்தத்தைச் சோதித்த பின்பே கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010 முதல் வலியுறுத்துகிறது. விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்தை ஒரே கண்ணாடித் தகட்டில் தடிப்பாகவும் மெல்லியதாகவும் இருவிதமாகப் பூசுவார்கள். தடித்த பூச்சு ஒட்டுண்ணி உண்டா என்பதையும், மெல்லிய பூச்சு எந்த வகை என்பதையும் காட்டும். இந்தியக் கிராமங்களில் ஆஷா என்னும் ஊர்ச் சுகாதாரப் பணியாளரே விரைவுச் சோதனைப் பட்டையால் பார்த்துவிடுகிறார். 2016-இல் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்ற இலங்கையிலோ, காய்ச்சலோடு வருபவரிடம் அண்மையில் எந்த நாட்டுக்குப் போய்வந்தார் என்று கேட்பதிலிருந்தே சோதனை தொடங்க வேண்டியிருக்கிறது. 2021-இல் சான்று பெற்ற சீனா, ஒரு நாளுக்குள் அறிவிப்பு, மூன்று நாளுக்குள் விசாரணை, ஏழு நாளுக்குள் தடுப்பு நடவடிக்கை என்று கெடு வைத்தது.

வைவாக்ஸ் கல்லீரலில் உறங்கிக் கிடந்து மாதங்கள் கழித்தும் எழும். அதை அங்கேயே அழிக்கும் சிகிச்சைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘ராடிகல்’ என்ற அடைமொழி, வேரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எனவே வேரறுப்புச் சிகிச்சை என்பது சரியான தமிழாக்கம். இந்தியாவில் இதற்காகப் பிரைமாகுயின் மாத்திரையை 14 நாள் தருகிறார்கள். கருவுற்ற பெண்களுக்கும் ஒரு வயது நிரம்பாத குழந்தைகளுக்கும் இது கூடாது. ஜி6பிடி என்னும் நொதி குறைந்தவர்களுக்கு இம்மாத்திரை சிவப்பணுக்களை உடைத்துவிடும். இதே சிகிச்சைக்கு உரிய ஒரே வேளை மருந்தான டஃபெனோகுயின் உடலில் நெடுநாள் தங்குவதால், பிரேசிலில் அதைக் கொடுக்குமுன் இந்நொதியின் அளவைக் கருவியால் அளந்துவிடுகிறார்கள். அச்சோதனைக்கு வசதியில்லாத ஊர்களில், சிறுநீர் கறுத்தால் பிரைமாகுயினை உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு வருமாறு நோயாளியிடம் முதல் நாளே சொல்லி அனுப்ப வேண்டும்.