முளைக்கும்போதே பழுதாக வரும் பல்

ஆறு வயதில் பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பல் சில பிள்ளைகளுக்கு மஞ்சளாகவோ பழுப்பாகவோ, தொட்டால் உதிரும் சாக்பீஸ் மாதிரிதான் வெளியே வரும். அடுத்து வரும் முன்பற்களிலும் விளிம்பு தெளிவாகத் தெரியும் வெள்ளைத் திட்டுகள் இருக்கலாம். இதை எம்ஐஎச் (MIH) என்கிறார்கள், அதாவது கடைவாய்ப்பல்லிலும் முன்பல்லிலும் வரும் கனிமக் குறைபாடு. ஒழுங்காகப் பல் தேய்க்கவில்லை என்று பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. பிறந்ததிலிருந்து மூன்று வயதுக்குள், அந்தப் பல்லின் எனாமல் (வெளியே இருக்கும் கடினமான உறை) தாடைக்குள் உருவாகிக்கொண்டிருந்தபோதே கோளாறு நடந்து முடிந்துவிட்டது. எனாமலைக் கட்டிய செல்களும் பல் முளைக்கும்போது அழிந்துவிடுவதால், குறையைத் திரும்ப வளர்த்தெடுக்க வழியில்லை.

நல்ல எனாமலின் எடையில் சுமார் 96 சதவீதம் கனிமம். பாதிக்கப்பட்ட எனாமலில் கனிமம் குறைவு, புரதம் அதிகம், நுண்துளைகளும் அதிகம். துளை வழியாகக் குளிர்ச்சியும் கிருமியும் இறங்கி, உள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் பற்கூழ் எப்போதும் கொஞ்சம் அழற்சியிலேயே இருக்கும். அதனால்தான் ஊசி போட்ட பிறகும் சில நேரம் சரியாக மரத்துப்போகாது. பிள்ளை வலிக்கிறது என்றால் நடிப்பு என்று நினைக்காதீர்கள்.

லேசான பாதிப்பு என்றால் 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு வார்னிஷ் பூசிக் கூச்சத்தைக் குறைக்கலாம். பல் உடையத் தொடங்கினால்தான் சிக்கல். பல்லை அடைப்பதற்கு முன் வழக்கமாக அமிலம் தடவினால் எனாமலில் சீரான நுண்குழிகள் விழும், அடைக்கும் பிசின் அதற்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். இங்கே குழிகள் தாறுமாறாக விழுகின்றன, புரதம் வேறு குறுக்கே நிற்கிறது, அதனால் அடைத்த இடத்தின் ஓரம் மறுபடி உடைகிறது. பாதிப்பைத் தாண்டி உறுதியான எனாமல் வரை வெட்டி அடைப்பது ஒரு வழி. தற்காலிகமாக கிளாஸ் அயனோமர் என்ற சிமென்ட் வகை அடைப்பு வைக்கலாம், ஈரம் இருந்தாலும் ஓரளவு ஒட்டும். நிறைய உடைந்திருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேப்தான், அழகு இல்லை, ஆனால் தாங்கும். அதற்கும் மேல் போய்விட்டால் 8 முதல் 10 வயதுக்குள் பிடுங்கிவிட்டு, பின்னால் வரும் பல் அந்த இடத்துக்கு நகரட்டும் என்று விடுவதும் உண்டு. பல்வரிசை மருத்துவரிடம் கேட்காமல் அதைச் செய்யக்கூடாது.

முன்பல் திட்டு வேறு கதை. எனாமலின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) சுமார் 1.62, துளையில் இருக்கும் காற்றுக்கு 1.0, தண்ணீருக்கு 1.33. இந்த வித்தியாசத்தால் ஒளி சிதறித் திட்டு வெள்ளையாகத் தெரிகிறது. மேற்பரப்பை அமிலத்தால் திறந்து, 1.5 அளவுள்ள நீர்த்த பிசினை ஊறவிட்டால் சிதறல் குறைந்து வெள்ளை மங்கிவிடும். ஆனால் எம்ஐஎச் திட்டு பெரும்பாலும் ஆழமானது, முழுசாக மறையும் என்று எதிர்பார்க்க முடியாது.