தோரீ: கடலில் நாட்டிய தோரணம்

ஹிரோஷிமாவுக்கு அருகே மியாஜிமா தீவு. அங்கே இட்சுகுஷிமா கோயிலுக்கு எதிரே, கடலுக்குள் செந்தூர நிறத்தில் ஒரு மரவாயில் நிற்கிறது. ஜப்பானின் ஷிந்தோ சமயக் கோயில்களின் முன் நிற்கும் இத்தகைய வாயிலைத் தமிழில் ‘டோரி’, ‘அலங்கார வளைவு’, ‘நுழைவாயில்’ என்று பலவிதமாக எழுதுகிறார்கள். ‘கோபுரம்’ என்று எழுதுவதும் உண்டு. எதுவும் சரியாகப் பொருந்தவில்லை. வளைவு என்றால் வளைந்திருக்க வேண்டும். இது இரண்டு தூண்களின் மேல் குறுக்கே போட்ட உத்தரம். கோபுரம் என்றால் நிலை நிலையாக உயர வேண்டும். இதற்கு நிலைகளும் இல்லை, கதவும் இல்லை.

முதலில் ஒலி. ஜப்பானியர் இதைப் பல்லில் நாக்குப் படும் ‘த’கரத்தில் சொல்கிறார்கள், ஈற்றையும் நீட்டுகிறார்கள். ஆங்கில எழுத்தின் வழியாக வந்ததால்தான் நமக்கு அது ‘டோரி’ ஆகிவிட்டது. ‘தோரீ’ என்பதே நெருக்கமான வடிவம்.

எழுதும் எழுத்துகளை வைத்துப் பார்த்தால் ‘தோரி’ பறவை, ‘இ’ இருப்பிடம். அதாவது பறவை அமரும் இடம். சூரியதேவி அமதெராசு கோபித்துக்கொண்டு குகைக்குள் ஒளிந்தபோது உலகம் இருண்டது. அவளை வெளியே வரவழைக்கச் சேவல்களைக் கூவ வைத்தார்கள் என்பது புராணக் கதை. அந்தச் சேவல்கள் அமர்ந்த கம்பமே தோரீ என்பது ஒரு விளக்கம். ‘கடந்து உள்ளே போதல்’ என்ற பொருளுள்ள ‘தோரி-இரு’ சுருங்கி இப்படி ஆனது என்பது இன்னொன்று.

மூன்றாவது விளக்கம் நம் காதில் சட்டென்று ஒட்டும். பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து போன ‘தோரண’ என்ற வடசொல்தான் மூலம் என்று சில அறிஞர்கள் கருதினார்கள். சாஞ்சியில் தூபியின் முன் நிற்கும் கல்தோரணங்களிலும் இரண்டு தூண்களும் குறுக்குச் சட்டங்களும்தான். ஆனாலும் இது முடிந்த முடிவல்ல. ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக உறவு கொண்டாடிவிடக் கூடாது.

பிறப்பு எதுவாக இருந்தாலும், பொருளுக்குப் பொருள் வைத்தால் தமிழில் ‘தோரண வாயில்’ என்பதே பொருத்தம் என்பேன். தோரணம் என்றதும் இன்று மாவிலையும் குருத்தோலையும்தான் கண்ணில் வரும். ஆண்டாள் சொல்வதைக் கேளுங்கள்: ‘தோரணம் நாட்டக் கனாக்கண்டேன்’. தொங்கவிடுவதை யாரும் நாட்டுவதாகச் சொல்வதில்லை, தூணைத்தான் நாட்டுவார்கள். திருப்பாவையிலும் ‘கொடித்தோன்றும் தோரண வாயில்’ வருகிறது. நின்ற வாயிலைக் குறித்த சொல் நம்மிடம் இருந்தது. நாளடைவில் அது இலைக்கு ஒதுங்கிவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் இட்சுகுஷிமாவின் தோரணம் ‘நாட்டியது’ என்றும் முழுதாகச் சொல்ல முடியாது. அதில்தான் அதன் அழகு. ஏறத்தாழ 16.6 மீட்டர் உயரம். இப்போதுள்ளது 1875-இல் எழுந்தது. பெரிய தூண்கள் இரண்டும் கற்பூர மரம். அவை கடலடியில் ஆழப் புதைக்கப்படவில்லை. சேற்றில் அடித்திறக்கிய பைன் மர முளைகளின் மேல் வாயில் தன் எடையால்தான் நிற்கிறது. மேல் உத்தரம் பெட்டி போல உள்ளீடற்றது. எடை கூட்ட அதற்குள் கற்களை நிரப்பியிருக்கிறார்கள். முன்னும் பின்னுமாக நான்கு துணைத்தூண்கள் முட்டுக் கொடுக்கின்றன. நீர் வற்றும் நேரத்தில் மணலில் நடந்து அருகே போய்விடலாம். தூணின் அடியில் சிப்பிப்பூச்சி அப்பிக் கிடப்பது அப்போது தெரியும்.

ஏன் கடலில்? தீவே தெய்வம் என்பது அங்குள்ள நம்பிக்கை. ‘இட்சுகு’ என்றால் தூய்மையோடு வழிபடுதல், ‘ஷிமா’ தீவு. பெயரிலேயே செய்தி இருக்கிறது. புனித மண்ணைத் தொடாமல் அலைவாய்க்கரையில், நீர் ஏறி இறங்கும் இடத்தில் கோயிலைக் கட்டினார்கள். தீவில் பிறப்பும் இறப்பும் நிகழக் கூடாதென்பது பழைய வழக்கம். கோயில் 593-இல் தோன்றியதாக மரபு சொல்கிறது. இன்று காணும் பெரிய அமைப்பைத் தந்தவர் 12-ஆம் நூற்றாண்டில் ஆட்சியைக் கையில் வைத்திருந்த தாய்ரா நோ கியோமோரி. கடல்வழி காக்கும் மூன்று பெண் தெய்வங்கள் அங்கே குடியிருக்கிறார்கள். பழைய சந்திர நாட்காட்டியின் ஆறாம் மாதம் 17-ஆம் நாள், இசைக்கருவிகள் முழங்க அலங்காரப் படகில் தெய்வம் உலா வரும் கங்கென்சாய் விழா நடக்கிறது. நம் தெப்பத்தை அறிந்தவர்களுக்கு அது சட்டென்று பிடிபடும்.

தோரீயைக் கடக்கும் முன் தலைதாழ்த்துவார்கள். நட்டநடுவில் நடக்க மாட்டார்கள்; அது தெய்வம் வரும் வழி.

சொல்லில் ஈடுபாடு உள்ளவர்கள் அங்கே போனால் அண்ணாந்து பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வாயிலின் இருபுறமும் பெயர்ப்பலகை இருக்கிறது. கடலைப் பார்த்த பலகையில் ‘இட்சுகுஷிமா’ இப்போது வழங்கும் எழுத்தில். கோயிலைப் பார்த்த பலகையில் அதே பெயர் பழைய எழுத்துக்கூட்டில்.